சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் அடியில் இருக்கும் பாவ், குவே கடை: பன்றி வேண்டாம், ஒருவர் சைவம். எதிலிருந்து தொடங்கலாம்?

தோபாயோ புதுக்குடி

வணக்கம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன சீனப் பலகாரக் கடை. விடிந்ததும் மூங்கில் தட்டுகளில் ஆவி பறக்கிறது. ஒரு பக்கம் வெள்ளைப் பாவ் (ஆவியில் வேகவைத்த ரொட்டி உருண்டை), இன்னொரு பக்கம் சிவப்பு, இளஞ்சிவப்பு, பச்சை நிறங்களில் குவே (கொழுக்கட்டை மாதிரியான சின்னப் பலகாரங்கள்). பலகை முழுக்கச் சீன எழுத்து. வாங்கிச் சாப்பிட ஆசை, ஆனால் எதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கை நீட்ட முடியவில்லை.

நான் கோழி, மீன், முட்டை சாப்பிடுவேன். பன்றியும் மாடும் வேண்டாம். மனைவி சைவம், முட்டை, இறால் எதுவும் கூடாது. முதல்முறை என்ன வாங்கலாம், கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது, மிஞ்சினால் எப்படி வைத்துச் சூடாக்குவது? வீட்டில் செய்ய முடியுமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆவிச்சட்டி

பாவிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம். மாவு பெரும்பாலானவற்றுக்கு ஒன்றே: கோதுமை மாவு, ஈஸ்ட், சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய். மாறுவது உள்ளே இருக்கும் பூரணம் மட்டும்.

உள்ளே எதுவுமில்லாமல் வெறும் மாவாக இருப்பது மந்தோ. இலேசான இனிப்பு இருக்கும். முதல் தடவைக்கு இதை ஒன்று வாங்குங்கள். பூரணத்தின் ருசி குறுக்கே வராததால் கடைக்காரர் மாவை எப்படிப் பிசைகிறார் என்பது இதில்தான் தெரியும். நல்ல மந்தோவை விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக மேலே வரும், தோலை உரித்தால் மெல்லிய படலமாகக் கழன்று வரும், பல்லில் ஒட்டாது.

இனிப்புப் பூரணத்தில் தாவ் சார், லியன் யோங் இரண்டும் முக்கியம். தாவ் சார் என்பது சின்னச் சிவப்பு பீன்ஸை வேகவைத்து, மசித்து, சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்துக் கிளறியது. கிட்டத்தட்டக் கறுப்பாக, பளபளப்பாக இருக்கும். லியன் யோங் தாமரை விதையில் செய்வது. வெளிர் பழுப்பு, வழுவழுப்பு. இவை தவிர காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்த ஜாம்), கடலை, கறுப்பு எள் பூரணங்களும் சில கடைகளில் கிடைக்கும். காயாவில் முட்டை உண்டு, உங்கள் மனைவிக்கு வேண்டாம்.

கார வகையில் கவனம் வேண்டும். சார் சியூ பாவ் என்றால் இனிப்பும் உப்புமாக வாட்டிய பன்றி இறைச்சி. பெயரில் "பாக்" என்று வந்தால் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் இறைச்சி என்று பொருள், வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது பன்றிதான். பிக் பாவ் என்பது கையகலத்துக்குப் பெரியது. இறைச்சியோடு அவித்த முட்டைத் துண்டு ஒன்றும் இருக்கும். அதில் கோழி வகையும் நிறையக் கடைகளில் உண்டு, "சிக்கன்" என்று அழுத்திச் சொல்லிக் கேளுங்கள். அதே கண்ணாடிப் பெட்டியில் லோ மாய் காய் என்று ஒரு கிண்ணத்தில் ஒட்டரிசிச் சோறு இருக்கும். பெயர் கோழி என்றாலும் அதில் சீனப் பன்றித் தொத்திறைச்சித் துண்டு போடுவது வழக்கம். கோழி என்று நம்பி வாங்குகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

பாவின் உச்சியில் இருக்கும் சிவப்புப் புள்ளி, மடிப்பு எல்லாம் பூரணத்தை அடையாளம் காணத்தான். பொதுவாக இனிப்புப் பாவ் வழவழவென்று உருண்டையாகவும், இறைச்சிப் பாவ் மடிப்பு வைத்தும் இருக்கும். ஆனால் எந்தப் புள்ளி எதற்கு என்பது கடைக்குக் கடை மாறும். ஒரு கடையில் கற்றுக்கொண்டதை அடுத்த கடையில் நம்பாதீர்கள்.

அடியில் ஒட்டியிருக்கும் சதுரக் காகிதத்தைக் கழற்றிவிட்டுச் சாப்பிடுங்கள். சூட்டில் மாவோடு நிறம் கலந்து தெரியாது, குழந்தைகள் அப்படியே கடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. இங்கே "தாப்பாவ்" என்றால் பொட்டலம் கட்டி எடுத்துப்போவது. பெரிய பாவுக்கும் மாண்டரினில் அதே ஒலிதான், ஏற்ற இறக்கம் மட்டும் வேறு. அதனால் பெரியது வேண்டுமென்றால் "பிக் பாவ்" என்றே சொல்லுங்கள்.

ரம்பை இலை

குவே பக்கம் நான் சொல்கிறேன். பாவ் கோதுமை, குவே பெரும்பாலும் அரிசி, ஒட்டரிசி, மரவள்ளி மாவு. கொழுக்கட்டை சாப்பிட்ட நாக்குக்கு இது புதிதே இல்லை.

முதலில் ஆங் கூ குவே. "ஆங்" சிவப்பு, "கூ" ஆமை. ஒட்டரிசி மாவும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்துப் பிசைந்து, பூரணம் வைத்து, மரஅச்சில் அழுத்தி, வாழையிலைத் துண்டின் மேல் வைத்து அவிப்பார்கள். மேலே ஆமை ஓட்டின் கோடுகள் தெரியும். ஆமை நீண்ட ஆயுளுக்கு அடையாளம், சிவப்பு மங்கலம். அதனால்தான் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனதும் வழங்கும் பெட்டியில் இதுவும் சிவப்புச் சாயமிட்ட முட்டையும் இருக்கும். பூரணம் பாசிப்பருப்பும் சர்க்கரையும் சேர்த்தது, அல்லது வறுத்துப் பொடித்த கடலை. நம் இனிப்புக் கொழுக்கட்டைப் பூரணத்துக்கு இவ்வளவு நெருக்கமானது அந்தக் கடையில் வேறில்லை. எவர்டன் பார்க்கில் உள்ள ஜி சியாங் இதற்குப் பேர்போன கடை, ஒருமுறை போய் உங்கள் புளோக் கடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்க்க வேண்டியது தோலின் கனம். பூரணத்தின் நிறம் மங்கலாக வெளியே தெரியும் அளவுக்கு மெல்லிசாக இருந்தால் கைதேர்ந்த வேலை.

இதிலேயே உப்புப் பருப்பு வகை ஒன்று உண்டு. வெங்காயத்தாளிப்பும் வெள்ளை மிளகும் போட்டது, என்னைக் கேட்டால் இனிப்பைவிட இதுதான் மேல். ஆனால் சிலர் அதில் காய்ந்த இறாலோ பன்றிக் கொழுப்போ சேர்ப்பார்கள், கேட்காமல் வாங்க வேண்டாம்.

சூன் குவே: அரை நிலா வடிவம், வெள்ளைத் தோல், உள்ளே துருவிய பங்குவாங் என்ற வெள்ளைக் கிழங்கு. "சூன்" என்றால் மூங்கில் குருத்து. இப்போது குருத்து குறைவு, கிழங்குதான் அதிகம். தோல் அரிசி மாவோடு மரவள்ளி மாவு கலந்து வெந்நீரில் பிசைந்தது. தொட்டுக்கொள்ள இனிப்பான கறுப்புச் சோயாவும் மிளகாய் அரைப்பும் தருவார்கள். கூ சாய் குவேயில் பூண்டு மணக்கும் சீன வெங்காயத்தாள். புங் குவே தியோச்சு என்ற சீனப் பிரிவு மக்களுடையது: இளஞ்சிவப்பு, பீச் பழ வடிவ அச்சு, உள்ளே கடலை, காளான் போட்டுத் தாளித்த ஒட்டரிசிச் சோறு. "ஓர்" குவே என்பது சேப்பங்கிழங்கு வகையைத் துண்டு போட்டு அரிசி மாவில் அவித்தது.

சுவீ குவே சின்னக் கிண்ணங்களில் அவித்த அரிசிமாவுக் களி, நடுவில் குழி. அந்தக் குழியில் உப்பு முள்ளங்கித் தாளிப்பைப் போட்டுத் தருவார்கள். தியோங் பாரு சந்தை மாடியில் இருக்கும் ஜியான் போ 1958 முதல் இதைச் செய்கிறது. இட்லியும் புட்டும் பழகியவர்களுக்கு முதல் வாயில் சப்பென்றிருக்கும். முள்ளங்கியையும் மிளகாயையும் சேர்த்து அள்ளினால்தான் அது முழுமை.

குவே லாபிஸ், ஒண்டே ஒண்டே, குவே சாலாட் எல்லாம் மலாய், பெரனாக்கான் (மலாய்ப் பண்பாடு கலந்த உள்ளூர்ச் சீனர்) வழி வந்தவை. தேங்காய்ப்பால், குலா மலாக்கா (பனைவகை வெல்லம்), பாண்டான் (ரம்பை) இலை. இவற்றில் குவே சாலாட்டின் பச்சை மேலடுக்கில் முட்டை உண்டு. அடுக்கடுக்காக உரித்துச் சாப்பிடும் அவித்த லாபிஸிலும், குலா மலாக்கா உருண்டையான ஒண்டே ஒண்டேயிலும் வழக்கமாக முட்டை இல்லை. ஆனால் கேக் மாதிரிப் பழுப்பாக, அடுக்கடுக்காகச் சுட்ட லாபிஸ் வேறு. அதில் முட்டையும் வெண்ணெயும்தான் பிரதானம். பெயர் ஒன்று என்பதால் குழம்பாதீர்கள்.

ஆகவே உங்கள் மனைவிக்கு இனிப்புப் பருப்பு ஆங் கூ, கடலை ஆங் கூ, அவித்த லாபிஸ், ஒண்டே ஒண்டே, சுவீ குவே, சூன் குவே.

காலைச்சந்தை

ரம்பை இலை எழுதியது எல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர. சூன் குவேயைச் சைவப் பட்டியலில் வைக்கக் கூடாது. கிழங்கைத் தாளிக்கும்போதே காய்ந்த இறால் போடுவது பழைய முறை. கூனி மாதிரிப் பொடியாக இருப்பதால் கண்ணில் படாது. கூ சாய், ஓர், புங் மூன்றிலும் இதே கதைதான். சுவீ குவேயில் களி வெறும் அரிசி மாவுதான், பிரச்சினை முள்ளங்கித் தாளிப்பில். பழைய முறையில் அதைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். பல கடைகள் இப்போது தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டன, ஆனாலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மிளகாய் அரைப்பிலும் இறால் இருக்கலாம்.

தாவ் சாருக்கும் இது பொருந்தும். அந்தப் பளபளப்புக்குச் சிலர் இன்னும் கொழுப்பு சேர்க்கிறார்கள். "இனிப்புத்தானே" என்று விட்டுவிட வேண்டாம்.

கேட்கும் முறை: "வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்டால் "இறைச்சி இல்லை" என்ற பொருளில் தலையாட்டிவிடுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இறாலும் கொழுப்பும் அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. தனித்தனியாகக் கேளுங்கள்: "ஆன்டி, போர்க் இருக்கா? லார்ட் (பன்றிக் கொழுப்பு) இருக்கா? டிரைட் ஷ்ரிம்ப் இருக்கா? முட்டை?" இதை ஆங்கிலத்தில் நாலு சொல்லாகக் கேட்டால் போதும். மாண்டரினில் "சூ" என்றால் சைவம். கடைப்பலகையில் சைவம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பௌத்த முறைச் சைவம். வெங்காயம், பூண்டுகூட இருக்காது. அங்கே சார் சியூ பாவ் கிடைத்தாலும் உள்ளே கோதுமைப் புரதமோ சோயாவோதான். முட்டையும் பாலும் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நோ போர்க் நோ லார்ட்" என்ற அட்டையும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. அட்டை கடைக்காரரின் சொல். சான்றிதழ் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சோதித்துத் தருவது, 1978 முதல் தருகிறார்கள். உங்களுக்குப் பன்றி மட்டும்தான் தடை என்றால் அட்டை போதும், முஸ்லிம் நண்பர்களுக்கு வாங்கும்போது சான்றிதழைப் பாருங்கள்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. ஒரே மூங்கில் தட்டில் இறைச்சிப் பாவும் இனிப்புப் பாவும் பக்கத்தில் பக்கத்தில் வேகும், எடுக்கும் இடுக்கியும் ஒன்றுதான். மனைவிக்கு அது சரிப்படாது என்றால் சைவக் கடைக்குப் போவதே நல்லது.

ரம்பை இலை

உண்மை, சூன் குவேயை அங்கே சேர்த்தது என் தவறு. சுவீ குவேயையும் கேட்டபிறகு மட்டும்.

மாவுக்கை

மிச்சம் வைப்பது, சூடாக்குவது பற்றி.

பாவை அன்றே சாப்பிடாவிட்டால் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பதைவிட உறைபெட்டியில் வைப்பது மேல். கீழ்த்தட்டுக் குளிரில்தான் மாவு வேகமாக இறுகும். முழுக்க ஆறியபின் ஒவ்வொன்றாகச் சுற்றி உறைய வையுங்கள். எடுக்கும்போது பனி இளக விடாமல் நேராகக் கொதிக்கும் ஆவியில் 10 முதல் 12 நிமிடம். இளகவிட்டு அவித்தால் மேல்தோல் நனைந்து கொழகொழவென்றாகும். கீழ்த்தட்டில் இருந்ததற்கு 5 நிமிடம் போதும். மைக்ரோவேவ் அவசரத்துக்கு மட்டும்: ஈரக் காகிதத்தில் சுற்றி 20, 25 விநாடி, உடனே சாப்பிட வேண்டும். ஐந்து நிமிடம் விட்டால் ரப்பர். பூரணம் தோலைவிட அதிகம் சூடாகியிருக்கும், குழந்தைக்குக் கொடுக்குமுன் பிட்டுப் பாருங்கள்.

ஆங் கூ குவே, சூன் குவே இரண்டையும் அறைச்சூட்டில் வைத்து அன்றே தீர்ப்பது நல்லது. மறுநாள் இறுகியிருந்தால் ஆங் கூவை மிதமான ஆவியில் 4 நிமிடம். இல்லையென்றால் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரு புறமும் மொறுமொறுவென்று வாட்டுங்கள், அது தனிச்சுவை. தேங்காய்த் துருவலோ தேங்காய்ப்பாலோ சேர்ந்தவற்றை மாலைவரை வெளியே வைக்காதீர்கள். இந்த ஊர் வெக்கையில் மதியத்துக்கே புளிப்பு வாடை வரும். ஒண்டே ஒண்டே காலையில் வாங்கினால் காலையில்.

வீட்டில் பாவ் செய்ய, 12 பாவுக்கு: பாவ் மாவு 300 கிராம், உடனடி ஈஸ்ட் 3 கிராம், பேக்கிங் பவுடர் 3 கிராம், சர்க்கரை 45 கிராம், தண்ணீர் 155 மில்லி, எண்ணெய் 15 கிராம். பாவ் மாவு என்று பேரங்காடியில் தனியாகவே கிடைக்கும், ஹாங்காங் மாவு என்றும் சொல்வார்கள். புரதம் குறைவு, வெளுத்தது. கடைப் பாவின் வெண்மை அதனால்தான். சாதாரண மாவு என்றால் நிறம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், ருசி கெடாது.

எண்ணெய் தவிர எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, மாவு ஒன்றுசேர்ந்தபின் எண்ணெய். கையால் 12 முதல் 15 நிமிடம். மேல்பரப்பு காதுமடல் போல வழவழப்பாகும் வரை நிறுத்தாதீர்கள், பாவின் தோல் வழவழப்பு இந்தப் பிசைதலில்தான் முடிவாகிறது. மூடி 10 நிமிடம் விட்டு, 43 கிராம் உருண்டைகளாக்குங்கள். 9 சென்டிமீட்டர் வட்டம், நடு கனமாக, ஓரம் மெல்லிசாக. 25 கிராம் பூரணம் வைத்து மூடுங்கள். நடு மெல்லிசானால் அடியில் கிழிந்து பூரணம் வழியும்.

தாவ் சாருக்குச் சிவப்பு பீன்ஸ் 200 கிராம். 6 மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவிட்டு, நீர் வடித்து மசித்து, சர்க்கரை 140 கிராம் சேர்த்து, எண்ணெய் 60 மில்லியை மூன்று தவணையாக விட்டுச் சின்னத் தீயில் கிளற வேண்டும். சட்டியில் ஒட்டாமல் ஒரே திரளாகச் சுருண்டு வரும்வரை, 30 நிமிடத்துக்கு மேல் ஆகும். இளகலாக இறக்கினால் பாவின் அடி வேகாமல் ஈரமாக நிற்கும். 12 பாவுக்குப் போக மிஞ்சுவதை உறைய வைக்கலாம்.

காகிதத்தின் மேல் வைத்து, இந்த ஊர்ச் சூட்டில் 25 முதல் 30 நிமிடம் பொங்கவிடுங்கள். கையில் எடுத்தால் முன்பைவிட இலேசாகத் தெரியும், ஒன்றரை மடங்காகியிருக்கும். இரண்டு மடங்குக்கு விடாதீர்கள். தண்ணீர் கொதித்தபின் மிதமான தீயில் 10 நிமிடம். அடுப்பை அணைத்து, மூடியின் ஓரத்தில் ஒரு குச்சி வைத்து இலேசாகத் திறந்து 3 நிமிடம் விட்டபிறகு முழுக்கத் திறக்கவும்.

தோபாயோ புதுக்குடி

எல்லோருக்கும் நன்றி. கடையில் கேட்டோம். தாவ் சாரில் தாவர எண்ணெய்தான் என்றார் ஆன்டி. சூன் குவேயில் இறால் இருக்கிறது என்று அவரே எடுத்துக் காட்டினார். மந்தோவும் இனிப்பு ஆங் கூவும் இருவருக்கும் மிகவும் பிடித்தன.

வீட்டில் செய்த பாவில்தான் சந்தேகம். மைதாவில் செய்தது. மூடியைத் திறக்கும்போது உருண்டையாக இருந்த பாவ் ஒரு நிமிடத்தில் முதியவர் கை போலச் சுருங்கிவிட்டது. 12இல் 5 மட்டும் அப்படி. இரண்டில் கண்ணாடி போல அமுங்கிய திட்டுகள். இட்லிப் பானையில் அவித்தது.

மாவுக்கை

12இல் 5 என்று எண்ணிச் சொன்னதுதான் முக்கியமான தடயம். எல்லாம் சுருங்கியிருந்தால் தீ அல்லது மூடி. சில மட்டும் சுருங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மாவைப் பொங்கவிட்ட நேரம். 12 பாவை மடிக்கப் பழகாத கைக்கு 20, 25 நிமிடம் ஆகும். கடைசிப் பாவை மூடும்போது முதல் பாவ் ஏற்கெனவே 20 நிமிடம் பொங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் அதன்பிறகு 30 நிமிடம் கொடுத்தால் முதல் சில அளவு மீறிவிடும். உள்ளே வாயு அதிகம், சுவர் மெல்லிசு. ஆவி நின்றதும் அமுங்கிவிடும். சுருங்கிய பாவைப் பிட்டுப் பாருங்கள். பெரிய பெரிய ஓட்டைகளும் இலேசான புளிப்பு வாடையும் இருந்தால் இதுதான். உள்ளே நெருக்கமாக, நன்றாக இருந்து தோல் மட்டும் சுருங்கியிருந்தால் மூடியைச் சட்டென்று திறந்ததோ தீ அதிகமோ காரணம்.

இதற்கு வழி, மாவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுவது. ஆறு செய்து, பொங்கவிட்டு, அது அடுப்பேறும்போது அடுத்த ஆறை எடுங்கள். செய்த வரிசைப்படியே அவியுங்கள்.

மைதாவும் ஒரு காரணம். பாவ் மாவைவிடப் புரதம் அதிகம் என்பதால் மாவு ரப்பர் போல இழுத்துப் பிடிக்கும், ஆறும்போது உள்நோக்கிச் சுருங்கும். 270 கிராம் மைதாவோடு 30 கிராம் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) கலந்து சலித்துக்கொள்ளுங்கள். இழுப்பு குறையும்.

கண்ணாடித் திட்டு இட்லிப் பானை மூடியின் வேலை. குவிந்த மூடியில் திரண்ட நீர் நடுவிலிருந்து சொட்டுகிறது, சொட்டு விழுந்த இடத்தில் மாவு நனைந்து அமுங்குகிறது. மூடியை ஒரு பருத்தித் துணியில் கட்டி, முடிச்சை மேலே போடுங்கள், துணி நுனி அடுப்புத் தீயில் படக் கூடாது. மூங்கில் தட்டு இந்தத் தொல்லையே தராது, அது ஆவியை உறிஞ்சிவிடும். இட்லித் தட்டின் குழிகளில் பாவை வைக்க வேண்டாம். ஓட்டை போட்ட தட்டையான தட்டு வேண்டும், பாவுக்குப் பாவ் 3 சென்டிமீட்டர் இடைவெளி. தீ எவ்வளவு என்றால், மூடி ஓரத்தில் ஆவி சீராகக் கசிய வேண்டும், மூடி தடதடவென்று ஆடக் கூடாது.

மஞ்சள் புள்ளிகள் வந்தால் பேக்கிங் பவுடர் சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். அடுத்த தடவை மாவோடு சேர்த்துச் சலியுங்கள்.

கடைப்பாவ் ரசிகர்

குறுக்கே ஒரு கேள்வி. சார் சியூ பாவ் மட்டும் மேலே மூன்று நான்கு பிளவாக வெடித்திருக்கிறதே, அதுவும் பிழையா?

ஆவிச்சட்டி

பிழை இல்லை, வேண்டுமென்றே வெடிக்க வைப்பது. தேநீர்க் கடை முறைச் சார் சியூ பாவில் பேக்கிங் பவுடர் கூடுதல், அம்மோனியம் பைகார்பனேட்டும் சேர்ப்பார்கள், தீயும் முழு வேகம். மேல் மடிப்பை இறுக்கி மூடாமல் விடுவதால் அந்த இடம் பிளந்து "சிரிக்கும்". ஆனால் வழவழப்பாக இருக்க வேண்டிய தாவ் சார் பாவ் வெடித்தால் அது பிழைதான். தீ அதிகம், அல்லது பொங்கியது போதவில்லை.

ரம்பை இலை

பாவைப் பற்றி மாவுக்கை சொன்ன மூடி விதியை அப்படியே ஆங் கூவுக்கு எடுத்துப்போனால் கெட்டுவிடும், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். பாவ் வேகும்போது மூடியைத் தொடக் கூடாது. ஆங் கூ வேகும்போது கட்டாயம் திறக்க வேண்டும்.

காரணம் இது: பாவ் நிற்பது உள்ளே இருக்கும் காற்றறைகளால். சுவர் வெந்து உறுதியாகுமுன் குளிர்ந்தால் அறைகள் சரியும். ஆங் கூவில் ஈஸ்ட் இல்லை, காற்றறை இல்லை. ஒட்டரிசித் தோல் ஆவியில் இளகி, உள்ளே சேரும் ஆவி அதை ஊதிவிடும். ஊதியதும் அச்சின் கோடுகள் மறைந்து ஆமை மொழுக்கென்று ஆகிவிடும். மிதமான தீயில் மொத்தம் 8 முதல் 10 நிமிடம். 3 நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கி, ஆவியை விட்டு, மறுபடி மூடுங்கள்.

தோலுக்கு ஒட்டரிசி மாவு 200 கிராம், சாதா அரிசி மாவு 20 கிராம், அவித்து மசித்த ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளி 150 கிராம், சர்க்கரை 30 கிராம், எண்ணெய் 25 மில்லி, வெந்நீர் ஏறத்தாழ 110 மில்லி. கிழங்கின் ஈரம் ஒவ்வொரு தடவையும் மாறும். அதனால் கடைசி 30 மில்லி நீரை நிறுத்திவைத்து, மாவைப் பார்த்துச் சேருங்கள். சிவப்பு நிறம் வேண்டுமென்றால் உணவுச்சாயம் சில துளி. கிழங்கு நிறமே போதும் என்றால் ஆரஞ்சு ஆமை.

வெடிக்காத தோலுக்குப் பழைய கை ஒன்று: மாவில் எட்டில் ஒரு பங்கை எடுத்துத் தட்டி, கொதிநீரில் போட்டு, மிதந்ததும் எடுத்து, மிச்ச மாவோடு சேர்த்துச் சூட்டோடு பிசையுங்கள். வெந்த மாவு பச்சை மாவைப் பிடித்து நிறுத்தும். கொழுக்கட்டைக்கு வெந்நீரில் மாவு கிளறுவதும் இதே தத்துவம்தான்.

பூரணத்துக்குத் தோல் நீக்கிய பாசிப்பருப்பு 200 கிராம், 4 மணி நேரம் ஊறவைத்து, நீர் வடித்து 25 நிமிடம் ஆவியில். குக்கரில் நீர் விட்டு வேகவைக்காதீர்கள், பருப்பு குழம்பாகிவிடும். சூட்டோடு மசித்து, சர்க்கரை 110 கிராம், எண்ணெய் 30 மில்லி, முடிச்சுப் போட்ட பாண்டான் இலை இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை. உருட்டினால் விரிசலில்லாமல் நிற்கும்வரை கிளறுங்கள்.

தோல் 28 கிராம், பூரணம் 25 கிராம், 18 அல்லது 19 வரும். அச்சில் ஒட்டரிசி மாவைத் தூவி, அதிகத்தைத் தட்டிவிட்டு, உருண்டையை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். அச்சைக் கவிழ்த்து மேசையில் ஒரே அடி. பக்கங்களில் மெல்லத் தட்டினால் வடிவம் கோணும். எண்ணெய் தடவிய வாழையிலையை ஆங் கூவைவிட ஒரு விரல் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். வெந்ததும் சூட்டோடு மேலே எண்ணெய் பூசுங்கள். பளபளப்புக்கு மட்டுமல்ல, தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும் அதுதான்.

காலைச்சந்தை

அச்சு வாங்கும்போது கவனிக்க: குழி ஆழமாக, கோடுகள் அகலமாக இருப்பதை எடுங்கள். நெருக்கமான நுண்கோடு அச்சில் மாவு சிக்கும். புது மரஅச்சை எண்ணெய் தடவி ஓர் இரவு வைத்துத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், காய்ந்த பல்துலக்கி தூரிகையால் தட்டினால் போதும்.

தோபாயோ புதுக்குடி

மாவைப் பாதியாகப் பிரித்து, மூடிக்குத் துணி கட்டி, சோளமாவு கலந்து மறுபடி செய்தேன். 12இல் ஒன்றுகூடச் சுருங்கவில்லை. அடுத்தது ஆங் கூ. அம்மாவுக்கு அடுத்த மாதம் 60 நிறைகிறது. கடையில் பீச் பழம் போல இளஞ்சிவப்பு நுனியுடன் ஒரு பாவ் பார்த்தேன். அது பிறந்தநாளுக்குத்தானே?

ஆவிச்சட்டி

ஆமாம், ஷௌ தாவ். பீச் ஆயுளுக்கு அடையாளம், 60க்கும் அதற்கு மேலும் வரும் பிறந்தநாளுக்குச் செய்வது. உள்ளே தாவ் சாரோ லியன் யோங்கோ. அதையும் அதே நாலு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். புளோக் கடைகளில் தினமும் அதிகம் போடமாட்டார்கள், எண்ணிக்கை சொல்லி ஒரு வாரம் முன்பே பதிந்துவிடுங்கள். காலை முதல் தட்டிலேயே எடுத்துக்கொண்டால் மதியம் வீட்டில் 5 நிமிடம் ஆவி காட்டிப் பரிமாறலாம். நுனியின் சாயம் ஈரத்தில் வழியும், மூடிக்குத் துணி கட்ட மறக்காதீர்கள்.